ஜெயசீலன் உண்மை சொல்லும் அங்கம்

ரெங்கம், ஜொகூர்
9 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய கதாசிரியர் லூசி அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ரூபினி. படிவம் நான்கில் படிக்கிறேன். நீங்கள் எழுதும் ‘ஜெயசீலன் டிரைவிங் ஸ்கூல்’ தொடர் முடிந்து பெயர்கள் ஓடும்போது, கருத்துகளை அனுப்ப ஒரு முகவரி வரும். நான் அதை நிறுத்தி எழுதி வைத்துக்கொண்டேன்.

மின்னஞ்சல் அனுப்பலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றதிலிருந்து என் கைப்பேசி அம்மாவிடம் இருக்கிறது. வீட்டு டிவியின் சேனல் பெட்டியையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்குக் குளுவாங்கில் தொழிற்சாலையில் இரவு வேலை. அவர் போன பிறகு எழுதுகிறேன். விளக்கு எரிந்தால் எதிர்வீட்டு அண்டி காலையில் சொல்லிவிடுவார் என்பதால் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

சொந்த லைசன்ஸ் ரத்தாகி நான்கு வருடமான ஒருவர், ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார். ஜெயசீலனைப் பற்றி இதை முதல் அங்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள். அப்போதே அவரை வெறுத்திருக்க வேண்டும். முடியவில்லை. மகளின் பிறந்தநாளை மறந்துவிட்டு, அடுத்த நாள் லெசன் கார் முழுக்க பலூன் கட்டிக்கொண்டு அவள் பள்ளி வாசலில் நின்று, “நேத்து உலகம் முழுக்க கொண்டாடிச்சு, இன்னிக்கு நான் மட்டும்” என்று சொன்னாரே, அப்போது நான் அழுதேன். பொய் என்று தெரிந்தே அழுதேன். பயந்து நடுங்கும் மாணவிகளிடம் “கிளச்ச மெதுவா விடு, கண்ணு” என்று அவர் சொல்லும் விதத்தை எங்கள் வகுப்பில் எல்லோரும் சொல்லிப் பார்த்திருக்கிறோம்.

எனக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில் தொடர் முடியப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் ஜெயசீலன் ஒரே ஒரு முறை உண்மை சொல்லும்படி ஓர் அங்கம் எழுத முடியுமா? பெரிய உண்மையாக. தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தே சொல்லும் உண்மையாக. அது எப்படிச் சொல்லப்படும் என்று நான் பார்க்க வேண்டும்.

பதில் எழுதினால் தயவுசெய்து வீட்டுக்கு வேண்டாம். ‘ரூபினி, செல்லம் மளிகைக் கடை, ரெங்கம்’ என்று போட்டால் எனக்குக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ரூபினி


ஸ்கூடாய்
20 செப்டம்பர் 2025

அன்புள்ள ரூபினி,

எங்கள் எல்லாத் தொடர்களுக்கும் பொதுவான அந்த முகவரிக்கு ஒன்றரை வருடத்தில் வந்த முதல் கடிதம் உன்னுடையது. அலுவலகத்துப் பையன்கள் அதைச் சம்மன் என்று நினைத்துப் பயந்துவிட்டார்கள்.

உன் வேண்டுகோளுக்குப் பதில்: முடியாது. ஜெயசீலன் உண்மை சொன்னால் அவன் ஜெயசீலன் இல்லை. அவனை நான் அப்படிப் பெறவில்லை. அவன் வாயைத் திறந்தால் பொய் வரும், அந்தப் பொய்க்குள் கொஞ்சம் பாசம் இருக்கும். அதனால்தான் ஜனங்கள் எட்டரை மணிக்கு உட்காருகிறார்கள்.

இதையே டிவி நிலையத்துக்காரர்களும் கேட்கிறார்கள் என்பதால்தான் எனக்குக் கோபம். கடைசி அங்கத்தில் அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, மகள் கையைப் பிடித்து அழவைத்து, திருந்திவிட்டேன் என்று சொல்லவைக்க வேண்டுமாம். “ஃபேமிலி ஆடியன்ஸ் மேடம்” என்கிறார்கள். நான் மூன்று கூட்டமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். நீயும் அவர்கள் கட்சியா?

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. “எப்படிச் சொல்லப்படும் என்று நான் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறாய். ரசிகைகள் இப்படிக் கேட்பதில்லை. என்ன செய்தாய்?

அன்புடன்,
லூசி


ரெங்கம்
26 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய லூசி அண்டிக்கு,

அண்டி என்று எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். இதை மேடம் என்று கூப்பிட்டுச் சொல்ல முடியாது.

எங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு சனிக்கிழமை காலையில் நடக்கும். பெரிய டிவி இருக்கும் அறையில் நடத்துவார்கள். நான் மாணவர் தலைவி என்பதால் அறைச் சாவி என் பொறுப்பு. வகுப்பு முடிந்ததும் ஏர்கோன், டிவி ஸ்விட்ச் எல்லாம் அடைத்துவிட்டுத் துப்புரவு வேலை செய்யும் புஷ்பவள்ளி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அவர் அறையைப் பார்த்துவிட்டு, சாவிப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி அக்காவின் பஸ் பன்னிரண்டே காலுக்கு. அதை விட்டால் மூன்றரைக்குத்தான். நான் சொன்னேன்: “நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா. நான் பூட்டி, சாவிய ஆபீஸ் பெட்டியில போட்டுடுறேன்.” அவருக்கு உதவி செய்வது போலச் சொன்னேன். அக்கா “நல்லா இரு பாப்பா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

நான் கதவைச் சாத்திக்கொண்டு, பெரிய டிவியில் தொடர் பார்க்கும் செயலியைத் திறந்து, அம்மாவின் கணக்கைப் போட்டு, அந்த வாரத்து ஜெயசீலனைப் பார்த்தேன். அறுபத்தொன்பது, எழுபது, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. இவ்வளவு பெரிய திரையில் அவரைப் பார்த்ததே இல்லை. முடிந்தபோது மணி இரண்டே முக்கால். பயத்தில் பூட்டி, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். ஏர்கோனை மறந்துவிட்டேன். மெர்டேக்கா, சுதந்திர தின விடுமுறை. செவ்வாய்க்கிழமை திறந்தபோது மூன்று நாள் ஓடிய ஏர்கோனிலிருந்து தண்ணீர் கொட்டி, டிவி கெட்டு, சுவரெல்லாம் கறுத்திருந்தது.

கட்டொழுங்கு ஆசிரியர் கனகராஜ் சார் இருவரையும் கூப்பிட்டார். என்னிடம்தான் முதலில் கேட்டார். நான் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சிரித்து, “ஐயோ சார், பன்னெண்டு மணிக்கே சாவியக் கொடுத்துட்டேனே, என் தலையில ஏர்கோன மாட்டாதீங்க” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அது என் சிரிப்பு இல்லை அண்டி. ஜெயசீலனுடையது. அவ்வளவு சுலபமாக வந்தது. அவ்வளவு சுலபமாக வேலை செய்தது.

புஷ்பவள்ளி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு புத்தகத்தைப் பார்த்தார். “என் கையெழுத்துதான் சார்” என்றார். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை துப்புரவு வேலையை எடுத்து நடத்தும் கம்பெனி அவரை நிறுத்திவிட்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பேட்ஜ் போகும். அம்மாவுக்குத் தெரிந்துவிடும். என்னால் அம்மா முகத்தை நினைத்தே பார்க்க முடியவில்லை. இரவில் வாசலில் மோட்டார் சைக்கிள் போனால்கூட யாரோ என்னைப் பிடிக்க வருவது போல இருக்கிறது.

ரூபினி


ஸ்கூடாய்
4 அக்டோபர் 2025

அன்புள்ள ரூபினி,

இரண்டு முறை படித்தேன். நீ பதினாறு வயதுப் பெண். ஒரு ஸ்விட்ச்சை மறந்தாய். அதற்காக உன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு வழி சொல்கிறேன். கையெழுத்தில்லாமல் பள்ளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போடு. “அந்த அம்மாள் மேல் தப்பில்லை, வேறு ஒருவர் பிறகு அறையைப் பயன்படுத்தினார்” என்று இரண்டு வரி. எழுத்தை மாற்றி எழுது. ஜெயசீலன் அப்படித்தான் செய்வான். வேலை முடியும், ஆளும் தப்பும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

லூசி


ரெங்கம்
10 அக்டோபர் 2025

லூசி அண்டிக்கு,

நீங்கள் சொன்னபடி எழுதினேன். இடது கையால், மலாய் மொழியில், இரண்டு வரி. ஆபீஸ் பெட்டி வரை கொண்டுபோனேன். பிறகு, நானே கனகராஜ் சாராக இருந்தால் இதை என்ன செய்வேன் என்று யோசித்தேன். புஷ்பவள்ளி அக்காவே யாரையோ வைத்து எழுதியிருக்கிறார் என்று நினைப்பேன். கிழித்துவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். சந்தைப் பக்கம் பீசாங் கோரெங் விற்கும் வண்டியில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். சீருடையைப் பார்த்ததும், “யாரு, பிரிபெக்ட் பாப்பாவா? நாலு வேணுமா, அஞ்சு வேணுமா?” என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை.

“அன்னிக்கு நீங்க ஏங்க்கா சொல்லல?”

“சொன்னா நம்புவாங்களா லா. நீ டை கட்டிட்டு நின்ன. நான் தொடப்பத்த வச்சிக்கிட்டு நின்னேன்.” எண்ணெயில் பழத்தைப் போட்டுவிட்டு மறுபடி சொன்னார்: “அதுவும் கையெழுத்து என்னுதுதானே. பஸ்ஸுக்கு ஓடணும்னு பாக்காமப் போட்டேன். அந்தத் தப்பு என்னுது. மீதி யாருதுன்னு உனக்குத் தெரியும்.”

ஐந்து கேட்டேன். ஆறு போட்டுக் கொடுத்து, “சூடு, பாத்து” என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஐயாசாமி நினைவு வந்தது. உங்களுக்கு நினைவிருக்கிறதா? முப்பத்தொன்றாம் அங்கம். டிரைவிங் ஸ்கூலில் கணக்கு எழுதும் ஐயாசாமி. சோதனைக்கு அதிகாரிகள் வந்தபோது ஜெயசீலன் சிரித்துக்கொண்டே, “லைசன்ஸ் ஃபைலெல்லாம் நம்ம ஐயாசாமி பொறுப்பு சார், நல்ல மனுஷன், மறதிதான் ஜாஸ்தி” என்று சொல்ல, அவர் வேலை போனது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது செருப்பு அறுந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். முப்பத்திரண்டாம் அங்கத்தில் அவர் இல்லை. முப்பத்துமூன்றிலும் இல்லை. செல்லம் அக்கா கடையில் நின்று தினமும் கதை சொல்கிறார், இன்றுவரை இல்லை. ஜெயசீலன் அவனுடைய ஆள் ஒருவனைத் தள்ளிவிட்டு நடந்து போய்விட்டான். நீங்களும் அவன் கூடவே போய்விட்டீர்கள்.

அவனை நான் இன்னும் நேசிக்கிறேன். அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. ஐயாசாமி எங்கே அண்டி?

ரூபினி


ஸ்கூடாய்
19 அக்டோபர் 2025

ரூபினி,

உண்மையைச் சொல்கிறேன். ஐயாசாமியாக நடித்தவருக்கு வேறு வேலை கிடைத்தது. தேதி ஒத்துவரவில்லை. அவரைக் கதையிலிருந்து எடுக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஜெயசீலன் மேல் பழி விழாமல் எடுக்க ஐந்து நிமிடத்தில் அந்தக் காட்சியை எழுதினேன். செருப்பு அறுந்தது என் யோசனைதான். சிரிப்பு வரும் என்று போட்டேன். அதன் பிறகு ஒரு நாள்கூட அவரை நினைக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை.

என் போன கடிதம் கெட்ட கடிதம். ஜெயசீலனிடம் கேட்டு எழுதினேன், அவன் என்ன சொல்வான்?

நேற்று அந்த நடிகரைத் தேடிப் பிடித்தேன். தெப்ராவில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். கடைசி அங்கத்துக்கு வருவீர்களா என்றேன். “மறுபடியும் செருப்பு அறுக்கணுமா மேடம்?” என்று கேட்டார்.

அவர் வருகிறார். ஆனால் வந்து என்ன செய்வார் என்று தெரியவில்லை. நூற்றிருபதாம் அங்கத்துக்கு என்னிடம் ஒரு வீட்டு வாசல் மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் ஐயாசாமி, இந்தப் பக்கம் ஜெயசீலன்.

நாளை தீபாவளி. உனக்கும் அம்மாவுக்கும் வாழ்த்துகள்.

லூசி


ரெங்கம்
29 அக்டோபர் 2025

அன்புள்ள லூசி அண்டிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஒழுங்காக எழுதுகிறேன். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை, காலைப் பெர்ஹிம்புனான் கூட்டம் கலைந்ததும் கனகராஜ் சாரின் அறைக்குப் போனேன். “சார், அந்த ஏர்கோன அடைக்காம விட்டது நான்தான்” என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை அன்பாகப் பார்த்தார். “புஷ்பவள்ளிய வண்டியில பாத்தியா? பாவமா இருந்துச்சா? நல்ல புள்ளமா நீ. ஆனா அடுத்தவங்க தப்ப நம்ம தலையில போட்டுக்கக் கூடாது. கிளாஸுக்குப் போ.”

நம்பவில்லை அண்டி. நான் அவ்வளவு நன்றாகப் பொய் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து கண்ணாடிக் கதவில் என்னைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தலையைச் சாய்த்து அதே சிரிப்போடுதான் சொல்லியிருக்கிறேன். பயம் வந்தால் அந்தச் சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. அம்மாவின் கணக்கில் எந்த அங்கம் எந்த நாளில் எத்தனை மணிக்கு எந்த டிவியில் பார்க்கப்பட்டது என்று பட்டியல் இருக்கும். அது அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. நான் எதற்கு இத்தனை நாள் பயந்தேனோ, வழி அதன் நடுவில்தான் போனது.

நேற்று காலை நான் நேராகப் பள்ளிக்குப் போகவில்லை. சீருடை போட்டுக்கொண்டு எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் நின்றேன். ஏழரைக்குத் தொழிற்சாலை பஸ் வந்தது. அம்மா இறங்கியதும், “என்னடி, காய்ச்சலா?” என்று நெற்றியில் கை வைத்தார். வீடு வரை நடந்தோம். அம்மா வாசலில் உட்கார்ந்து ஒரு காலுறையைக் கழற்றினார். அப்போது ஆரம்பித்தேன். மெதுவாக, கிளச்சை விடுவது போல. முடிக்கும் வரை அம்மா மற்றக் காலுறையைக் கழற்றவே இல்லை. அடிப்பார் என்று நினைத்தேன். கழற்றியதை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “ஸ்கூல் ஆபீஸ் எத்தன மணிக்குத் தொறப்பாங்க?” என்றார்.

கனகராஜ் சாரின் அறையில், இரவு முழுக்க வேலை செய்த சட்டையோடு அம்மா என் பக்கத்தில் நின்றார். நான் கைகளைக் கீழே வைத்துக்கொண்டேன். தலையை நேராக வைத்தேன். சிரிக்கவில்லை. எந்த நேரம், எந்த அங்கம், புஷ்பவள்ளி அக்காவிடம் நான் சொன்ன வார்த்தை, சாரிடம் சொன்ன பொய், எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அம்மா கைப்பேசியை மேசையில் வைத்தார். “என் பொண்ணு அன்னிக்குப் பொய் சொன்னா சார். இன்னிக்கு உண்மை சொல்றா. ரெண்டையும் எழுதிக்கிங்க.”

சார் பட்டியலைப் பார்த்தார். ஆகஸ்ட் முப்பது, மதியம் பன்னிரண்டு இருபத்தைந்து, பள்ளி டிவி, அறுபத்தொன்பதாம் அங்கம். விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனார். பிறகு நிறுத்தி, “இதெல்லாம் விடியக்காலம் மூணு மணிக்குப் பாத்தது. இது யாரு?” என்று கேட்டார்.

அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. “அது எங்களுக்கு ரெஸ்ட் டைம் சார். கண்டீன்ல எல்லாரும் பாப்போம்.”

என் பெட்டியைப் பூட்டிவைத்துவிட்டு, அம்மா ஓர் அங்கம்கூட விடவில்லை அண்டி. சார் கைப்பேசியை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாக, “தொண்ணூத்தி நாலு பாத்தீங்களா? நான் அன்னிக்கு மீட்டிங்ல இருந்தேன்” என்றார். அம்மா அந்தக் கதையை அங்கேயே சொன்னார். நான் இருவருக்கும் நடுவில் நின்று, அழவா சிரிக்கவா என்று தெரியாமல் இருந்தேன்.

அதற்காகத் தண்டனை குறையவில்லை. என் பேட்ஜை நானே கழற்றி மேசையில் வைத்தேன். வருடம் முடியும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அறையை நான் துடைக்க வேண்டும். சார் என் முன்னாலேயே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். வரும் திங்கட்கிழமை புஷ்பவள்ளி அக்கா மறுபடி வேலைக்கு வருகிறார்.

பள்ளியிலிருந்து நேராக வண்டிக்குப் போனோம். அம்மா முதலில் பேசப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, “நான் சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிடுங்க” என்றேன். அக்கா என் சட்டையில் பேட்ஜ் இருந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு சின்ன ஓட்டை. “தச்சுப் போட்டுக்க பாப்பா, கிழிஞ்சிடும்” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிப் பார்த்தேன், ஐந்து கேட்டதற்கு எட்டு இருந்தது.

நேற்று இரவு மோட்டார் சைக்கிள்கள் போயின. நான் எழுந்திருக்கவில்லை.

ரூபினி


ஸ்கூடாய்
8 நவம்பர் 2025

அன்புள்ள ரூபினி,

உன் கடிதத்தைக் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். பள்ளியின் பெயர், ஆட்களின் பெயர் எதையும் சொல்லவில்லை. நூற்றிருபதில் ஆஸ்பத்திரி கிடையாது, கண்ணீர் கிடையாது, ஜெயசீலன் ஐயாசாமி வீட்டு வாசலுக்குப் போகிறான், அதுதான் அங்கம் என்றேன். “மேடம், ஐயாசாமி யாரு?” என்று கேட்டார்கள். நானும் அப்படித்தான் மறந்தேன் என்றேன். பிறகு ரெங்கத்தில் ஒருத்தி மறக்கவில்லை என்றேன். நான்காவது கூட்டத்தில் ஜெயித்தேன்.

படப்பிடிப்பு முடிந்துவிட்டது. ஒன்றும் சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டுத் திட்டு.

லூசி


ரெங்கம்
21 நவம்பர் 2025

அன்புள்ள லூசி அண்டிக்கு,

நேற்று கடைசி அங்கத்தைப் புஷ்பவள்ளி அக்கா வீட்டில் பார்த்தோம். அவர்தான் கூப்பிட்டார். சனிக்கிழமை நான் டிவி அறை ஜன்னலைத் துடைக்கும்போது, “மூலையில அழுக்கு அப்படியே இருக்கு. எக்ஸ்-பிரிபெக்ட், வியாழக்கிழமை அம்மாவக் கூட்டிட்டு வா” என்றார். அம்மா விடுப்பு எடுத்தார். தொழிற்சாலையில் காரணம் என்ன சொன்னார் என்று கேட்டேன். “உண்மையத்தான் சொன்னேன். சூப்பர்வைசரும் லீவு” என்றார்.

ஜெயசீலன் லெசன் காரில் வந்து ஐயாசாமி வாசலில் இறங்கினார். அந்தச் சிரிப்பைச் சிரித்தார். “ஐயாசாமி, ஊரெல்லாம் தேடறேன், நீ இங்க ஒளிஞ்சிருக்க” என்றார். ஐயாசாமி சிரிக்கவில்லை. இன்னொன்று சொன்னார். அதற்கும் சிரிக்கவில்லை. நூற்றிருபது அங்கத்தில் முதல்முறையாக அவர் சிரிப்பு எங்கேயும் போய்ச் சேராமல் முகத்திலேயே நின்றது. பிறகு அவர் கார் சாவியை நீட்டினார். “நீ ஓட்டு. எனக்கு லைசன்ஸ் இல்ல.”

அண்டி, ஏழு மாதமாக ஊருக்கே தெரிந்த விஷயம் அது. அவர் வாயால் சொன்னபோது எனக்குப் புதிதாகக் கேட்டது. நீங்கள் முடியாது என்றீர்கள். முடிந்திருக்கிறது.

ஐயாசாமி புதுச் செருப்பு போட்டிருந்தார். அதைக் கவனித்தேன். கார் கிளம்பும்போது ஜெயசீலன் பழக்கத்தில் “கிளச்ச மெதுவா...” என்று ஆரம்பிக்க, “வாய மூடிட்டு வாங்க” என்று அவர் சொன்னதும் புஷ்பவள்ளி அக்கா கையைத் தட்டினார். இரண்டு மாதச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். போலீஸ் நிலையத்தின் முன் கார் நின்றது. ஜெயசீலன் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை. அதோடு பெயர்கள் ஓடின.

“போவானா மாட்டானா? இப்படியா நிறுத்துவாங்க?” என்று அம்மா கோபப்பட்டார். அக்கா, “அவன் போவ மாட்டான், ஓடிடுவான்” என்றார். அம்மா, “இல்ல, போயிடுவான், மகளுக்காக” என்றார். இருவரும் தேநீர் ஆறும் வரை சண்டை போட்டார்கள். அவர் உள்ளே போவாரா என்று எனக்கும் தெரியாது. நான் போனேன். அது மட்டும் தெரியும். இவ்வளவு நாள் அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தவள், அந்தக் கதவு வரை வந்து அவரை முந்திவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் காரில் உட்கார்ந்திருந்தார். பாவமாக இருந்தது. இப்போதும் பிடிக்கத்தான் செய்கிறது.

இதைப் பகலில் எழுதுகிறேன், சமையலறை மேசையில். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “வெளிச்சம் இருந்தும் எழுத்து கோணலாத்தான் இருக்கு” என்கிறார்.

அடுத்த தொடர் எழுதும்போது சொல்லுங்கள். பெட்டி அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. இனிமேல் செல்லம் அக்கா கடைக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் வீட்டு முகவரி உறையின் பின்புறம் இருக்கிறது, பெரிய எழுத்தில்.

அன்புடன்,
ரூபினி